கேள்வி பதினேழு

வினாத்தாளில் முப்பத்தொரு கேள்விகள்.
பதில் வராவிட்டால் தொண்ணூற்றொன்பது போடு
என்று சொல்லித்தான் அனுப்பினார்
கோயமுத்தூரில் பிரிசில்லா மேடம்.
வெற்றாக விட்டால் கணினிக்குப் புரியாது.
தொண்ணூற்றொன்பது என்றால்
கேட்டோம், கிடைக்கவில்லை.

சோமனூர் தாண்டினால்
பஸ் நிற்கும் முன்பே தறிச்சத்தம் ஏறிக்கொள்கிறது.
கர்ப்பிணித் தறிப் பெண்களிடம் ரத்தசோகை, ஓர் ஆய்வு.
பையில் ஊசி, பஞ்சு, பரிசோதனைப் பட்டி,
விரலைக் குத்தியபின் கொடுக்கக்
கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட்.

சவுடேஸ்வரி என்று வைத்துக்கொள்கிறேன்.
அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அம்மன் பெயர்தான்,
யாரென்று கண்டுபிடிக்க முடியாது.
வயது இருபத்தாறு. ஆறாம் மாதம்.
ஆறு தறி அவள் கணக்கில்.
தார் மாற்றும்போது வயிறு கட்டையில் இடிக்காமல்
ஒருக்களித்து நிற்கப் பழகியிருந்தாள்.
புருவமெல்லாம் பஞ்சு.

நான் கத்தினேன். அவள் சிரித்தாள்.
கத்தாதீங், வாயை மட்டும் அசைங்க
என்று வாயை மட்டும் அசைத்தாள்.
நாற்பது தறிக்கு நடுவே
அங்கே எல்லோரும் கண்ணால்தான் கேட்கிறார்கள்.

பதினாறு வரை சுலபம்.
கீரை? சந்தை நாளுக்கு மட்டுமுங்.
சத்து மாத்திரை? கருப்பாப் போகுதுங், நிறுத்திட்டேன்.
தூக்கம்? பகல் ஷிப்டுக்கா, ராத்திரி ஷிப்டுக்கா,
எதைச் சொல்றதுங்?

பதினேழு: இதற்குமுன் எத்தனை முறை கருவுற்றீர்கள்?

அறுந்த இழையைத் தேடுகிறவள் போலக் குனிந்து,
ஓரத்தில் தார் சுற்றும் மாமியாருக்கு முதுகு காட்டி,
முகத்தை என் பக்கம் திருப்பினாள்.
மூணு, என்றன உதடுகள்.
ஒண்ணு பள்ளிக்கூடம் போகுது.
ஒண்ணு தானாப் போச்சு, மூணாம் மாசம்.
ஒண்ணு
(இங்கே அந்த உதடுகள் கொஞ்சநேரம் மூடியிருந்தன)
ஸ்கேன் பார்த்துட்டு வந்த அடுத்த வாரம்.
கூட்டிப்போனது யார் என்று நான் கேட்கவில்லை.
முப்பத்தொன்றில் அந்தக் கேள்வி இல்லை.
மூன்று என்று எழுதினேன்.

கரண்ட் போனது.
நாடா பாதி வழியில் நின்றது.
என் காதுக்குள் மட்டும் கொஞ்சநேரம் தறி ஓடி
அதுவும் அடங்கியது.
மாமியார் எழுந்து வந்தார்.
வாங் நர்சம்மா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்.
என்ன கேக்கறீங் எங்க புள்ளைய?

நான் வாயெடுக்கும் முன் அவளே சொன்னாள்:
முன்னால எத்தனைன்னு கேக்கறாங் அத்தை.
ஒண்ணுதானுங்.

தெளிவான குரல்.
அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான் முதல்முறை.

கரண்ட் வருவதற்குள் படுங்கள் என்றேன்.
பாவு உருளைக்குப் பக்கத்தில் பாய்.
ஃபீட்டோஸ்கோப்பை வயிற்றில் பதித்தேன்.
மூன்று வாரமாக இந்தத் தெருவில்
ஒரு துடிப்பைக்கூட உருப்படியாகக் கேட்டதில்லை நான்.
பதினைந்து நொடியில் முப்பத்தாறு.
நாலால் பெருக்கினால் நூற்று நாற்பத்துநான்கு.
அவள் என் முகத்தையே பார்த்திருந்தாள்.
நல்லா இருக்கு, என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.
வாய்விட்டே சொல்லியிருக்கலாம்,
பழக்கம் தொற்றிவிட்டது.

தாள் எண் நூற்றுப் பன்னிரண்டு.
ஹீமோகுளோபின் எட்டுப் புள்ளி ஆறு.
பதினேழுக்கு மட்டும் இரண்டு பதில்.
முரண்பட்டால் பிந்தியதை எடு என்கிறது கையேடு.
தொண்ணூற்றொன்பது போட்டால் யாருக்கும் வம்பில்லை.
விடுதியில் விளக்கணைக்கும் நேரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு
மூன்றின் மேலேயே மறுபடி பேனாவை ஓட்டினேன்,
அடுத்த தாளிலும் தடம் விழுகிற அளவுக்கு.

நேற்று முதல் வரைவு திரும்பி வந்தது.
ஆய்வுமுறை, பக்கம் இருபத்தொன்பது.
தகவல் தந்தவர்களின் தனிமை உறுதிசெய்யப்பட்டதா?
ஆம், நாற்பது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன
என்று எழுதியிருந்தேன்.
அடியில் சிவப்புக் கோடு.
ஓரத்தில் மேடத்தின் கையெழுத்து:
விளக்கவும்.